ஹெமிஸா, பின் பள்ளத்தாக்கா? வேலூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

பாலைவனம் என்றதும் மணலும் ஒட்டகமும்தான் நமக்கு நினைவுக்கு வரும். மழை மேகம் இமயமலையைத் தாண்டி அந்தப் பக்கம் போவது அபூர்வம் என்பதால் அங்கே ஒரு குளிர்ப் பாலைவனம் இருக்கிறது. லடாக்கின் லே நகரில் ஆண்டு முழுக்கப் பெய்வதே சுமார் 100 மில்லிமீட்டர்தான், வேலூரில் சில ஐப்பசிகளில் ஒரே ராத்திரியில் கொட்டுகிற அளவு. அந்தப் பக்கம் ஹெமிஸ், பின் (Pin) என்ற ஆற்றின் பள்ளத்தாக்கு என்று இரண்டு தேசியப் பூங்காக்களுக்கும் நான் போய் வந்தவள். சத்துவாச்சாரியில் என் அக்கா மகன் "எது சித்தி நல்லா இருக்கும்?" என்று கேட்டதற்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லடாக்கின் ஹெமிஸ் 1981இல் தொடங்கியது, சுமார் 4,400 சதுர கிலோமீட்டர், இந்தியாவிலேயே பெரியது. இமாசலத்தின் பின் பள்ளத்தாக்கு 1987இல் வந்தது, 675 சதுர கிலோமீட்டர். இந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள், இரண்டிலும் நாம் நடக்கப்போவது ஒன்றிரண்டு பள்ளத்தாக்கில்தான்.

முடிவு செய்ய வேண்டியது ஏறும் வேகத்தை வைத்து. சென்னையில் விமானம் ஏறி டெல்லி போய் லேயில் இறங்கினால், இருநூறு சொச்சம் மீட்டர் உயரத்தில் வாழ்ந்த உடம்பு ஒரே நாளில் 3,500 மீட்டருக்குப் போய்விடுகிறது, அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். முதல் நாள் விடுதியில் நாலு படி ஏறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், தலை விண்விண் என்று தெறித்தது. இரண்டு நாள் முழுசாகப் படுத்துக் கிடந்த பிறகுதான் சரியானது. இதயம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் கிளம்பும் முன் மருத்துவரைக் கேட்டே தீரவேண்டும்.

பின் பள்ளத்தாக்குக்குக் காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லி, அப்புறம் சிம்லா, கல்பா, நாக்கோ, காசா என்று படிப்படியாக ஏறலாம். நாள் அதிகம் பிடிக்கும், ஆனால் உடம்பு பழகிக்கொண்டே வரும். மணாலி வழியாகக் குன்சும் கணவாய் தாண்டுவது சீக்கிரம்தான், ஆனால் அது 4,500 மீட்டருக்கு மேல், கோடையில்தான் திறந்திருக்கும். திரும்பும்போது அந்த வழியில் வாருங்கள்.

பனிச்சிறுத்தைதான் வேண்டும் என்றால் பேச்சே இல்லை, ஹெமிஸ்தான், அதுவும் ஜனவரி முதல் மார்ச் வரை ரும்பாக் கிராமத்தில் தங்கி. அங்கே நான் தங்கிய வீட்டுச் சமையலறையை மறக்கவே மாட்டேன். நடுவில் இரும்பு அடுப்பு, அதில் எரிவது வறட்டி. எங்கள் பாட்டி வீட்டு வாசனை அப்படியே அடித்தது. உப்புப் போட்ட வெண்ணெய் டீயை ஒரு மடக்குக் குடித்தால் உடனே நிரப்பிவிடுவார்கள், போதும் என்றால் கோப்பையை நிறைந்தபடியே விட்டுவிட வேண்டும். வறுத்த பார்லி மாவை அந்த டீயில் பிசைந்து உருட்டித் தந்தார்கள், நம் சத்துமாவு உருண்டை மாதிரியே இருந்தது. ஒன்று கவனியுங்கள், வெளிமாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும்.

பின் பள்ளத்தாக்கின் மூத் கிராமத்தில் கோடையில் பச்சைப் பட்டாணி வயல், அதன் பின்னால் செந்நிற மலை. சரிவில் ஐபெக்ஸ் ஆடுகள் மேயும்.

விடுமுறை ஒரே வாரம் என்றால் ஹெமிஸ், அதில் இரண்டு நாளை லேயில் ஓய்வுக்கு எழுதிவிடுங்கள். என் மனசு பின் பள்ளத்தாக்கிடம்தான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் கல்பாவில் இரண்டு ராத்திரி, நாக்கோவில் ஒன்று, காசாவில் இரண்டு, அதற்கப்புறம்தான் மூத்.