கல்குவாரி அளவையும் மெட்டாஷேப் கோப்புகளும்: ஐந்தாண்டு அனுபவம்

மதுரை, திண்டுக்கல் வட்டாரக் கல்குவாரிகளை ட்ரோனில் படமெடுத்து, வெட்டியெடுத்த கல்லின் கன அளவைக் கணக்கிட்டுத் தருவது என் தொழில். படங்களை இணைத்து வரைபடமாக்க ஐந்து ஆண்டுகளாக அகிசாஃப்ட் மெட்டாஷேப்பைப் பயன்படுத்துகிறேன். அதன் துல்லியத்தைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் பலர் எழுதிவிட்டார்கள். கோப்புகளை எப்படி அடுக்கி வைப்பது என்பதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. குவாரியை ஒருமுறை அளந்ததோடு வேலை முடிவதில்லை. ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து மறுபடி அளந்து, பழைய தரைமட்டத்தையும் புதியதையும் கழித்துப் பார்த்தால்தான் எவ்வளவு வெட்டினார்கள் என்பது தெரியும். பழைய கோப்பு கைவிட்டால் புதிய அளவையும் பாதி வீண்.

இது எனக்கு உறைத்தது இரண்டாவது ஆண்டில். முந்தைய ஆண்டு அளந்த ஒரு குவாரியின் புராஜெக்டைத் திறந்தேன். 1,140 படங்களின் சிறுவடிவங்களும் வரிசையாக வந்து நின்றன. ஒன்றின் மேல் இருமுறை சொடுக்கினேன். கோப்பைத் திறக்க முடியவில்லை என்று செய்தி வந்தது. மெட்டாஷேப் படங்களைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற பாதையை மட்டும் குறித்துக்கொள்கிறது. நானோ இடையில் ஹார்டு டிஸ்கைச் சுத்தம் செய்தபோது, இரண்டு ஃபோல்டர்களில் இருந்த படங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டிருந்தேன்.

அங்கேதான் வினை. அப்போது நான் பறக்கவிட்ட ட்ரோன் 999 படங்கள் வரை ஒரு ஃபோல்டரில் போடும். அதற்கு மேல் போனால் அடுத்த ஃபோல்டரைத் திறந்து, பெயரை மறுபடி 0001 என்று தொடங்கும். ஆக 141 படங்களுக்கு ஒரே பெயர் இரண்டிரண்டு. சேர்த்தபோது விண்டோஸ் கேட்டது, இரண்டையும் வைத்துக்கொள் என்றேன். பின்னால் வந்தவற்றின் பெயரில் 2 என்ற எண் ஒட்டிக்கொண்டது. புராஜெக்டில் பாதையை மாற்றும் வசதியைக் கொண்டு இரண்டு தொகுதிகளுக்கும் புதிய ஃபோல்டரையே காட்டினேன். எல்லாப் படங்களும் திறந்தன. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

தரைப் புள்ளிகளை, அதாவது இருப்பிடத்தை அளந்து தரையில் போட்ட அடையாளங்களை, சரிபார்த்தபோதுதான் நெஞ்சு திக்கென்றது. சுண்ணாம்பில் போட்ட கூட்டல் குறியின் நடுவில் நிற்க வேண்டிய, மென்பொருள் காட்டும் கொடி, ஒரு படத்தில் கருவேல மரக் கிளையின் மேல் நின்றது. பெயர் சரி, படம் வேறு. படம் எடுத்த நேரத்தை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, 141 படங்களையும் பிரித்துப் பழைய பெயருக்குக் கொண்டுவர ஓர் இரவு முழுக்க ஆயிற்று. கவனிக்காமல் அப்படியே மறுபடி கணக்கிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். குத்தகைதாரர் கட்டும் தொகை அந்தக் கன அளவை வைத்துத்தான்.

அன்றிலிருந்து மெமரி கார்டிலிருந்து வந்த ஃபோல்டர்களை நான் தொடுவதில்லை. பெயர் மாற்றுவதில்லை, சேர்ப்பதில்லை. மங்கலான படத்தைக்கூட அழிப்பதில்லை, மென்பொருளுக்குள் கணக்கில் சேராதபடி முடக்கி வைக்கிறேன். இருப்பிடத்தைச் சென்டிமீட்டர் துல்லியத்தில் பதியும் ஆர்டிகே ட்ரோன்களில் படங்களோடு எம்ஆர்கே என்று முடியும் நேரப் பதிவுக் கோப்பும் வரும். படம் இல்லாத கோப்புதானே என்று அதை அழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்னால் இருப்பிடத்தைத் திருத்த வேண்டி வந்தால் அது இல்லாமல் கை ஒடிந்த மாதிரிதான்.

இப்போது குவாரிக்கு ஒரு தாய் ஃபோல்டர், அதற்குள் பறந்த தேதிக்கு ஒன்று. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் தானாகவே காலவரிசையில் நிற்கும். ஒவ்வொரு தேதிக்குள்ளும் மூலப் படங்கள், தரைப் புள்ளிகள், புராஜெக்ட், வெளியீடு, வாடிக்கையாளருக்கு அனுப்பியது என்று ஐந்து பிரிவுகள். கடைசிப் பிரிவைத் தனியாக வைத்ததற்காக என்னையே நான் பாராட்டிக்கொள்ளலாம். எந்த வரைபடம் யாருக்கு என்றைக்குப் போனது என்ற கேள்வி வராத ஆண்டே இல்லை. படங்களும் புராஜெக்டும் ஒரே தாய் ஃபோல்டருக்குள் இருப்பதால், மொத்தமாக வேறு டிஸ்குக்கு மாற்றினாலும் பாதை அறுவதில்லை. மெட்டாஷேப் இயல்பாகவே பாதையை புராஜெக்ட் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிட்டுத்தான் எழுதுகிறது. முழுப் பாதையை எழுதும் அமைப்பும் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள்.

புதிதாக வருபவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிஎஸ்எக்ஸ் என்று முடியும் கோப்பைத்தான் புராஜெக்ட் என்று நினைத்து மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார்கள். அது ஒரு கேபிகூட இருக்காது. சரக்கெல்லாம் பக்கத்தில் அதே பெயரில், ஃபைல்ஸ் என்று முடியும் ஃபோல்டரில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே போக வேண்டும்; பெயரும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

வெளியீட்டுக் கோப்பின் பெயரில் ஆயத்தொலை மண்டலத்தையும் உயரத்தின் வகையையும் எழுதாமல் நான் எதையும் சேமிப்பதில்லை. உலகை மண்டலங்களாகப் பிரித்து ஆயத்தொலை தரும் யுடிஎம் முறையில் மண்டலங்கள் 43, 44 இரண்டையும் பிரிக்கும் 78 பாகைத் தீர்க்கரேகை எங்கள் வட்டாரத்தின் நடுவேதான் ஓடுகிறது. திண்டுக்கல் நகரம் 43இல் இருக்கிறது, மதுரை 44இல் இருக்கிறது. உயரம் அதைவிட ஆபத்து. தமிழ்நாட்டில், பூமியைச் சீரான நீள்வட்டக் கோளமாகக் கொண்டு ஜிபிஎஸ் தரும் நீள்வட்ட உயரம் கடல்மட்ட உயரத்தைவிட ஏறத்தாழ 90 மீட்டர் குறைவாக வரும். சென்ற ஆண்டு தரைமட்டம் ஒரு வகையிலும் இந்த ஆண்டு மற்றொரு வகையிலும் இருந்தால் கழித்தலுக்குப் பொருளே இல்லை. எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள். ஆழமான குழிக்குள் நிற்கும்போது அவ்வளவு எளிதாகத் தெரிவதில்லை.

எல்லாத் தேதிகளையும் ஒரே புராஜெக்டில் தனித்தனி சங்க்குகளாக, அதாவது உட்பகுதிகளாக, வைத்தும் பார்த்தேன். ஒப்பிட வசதிதான். ஆனால் நான்காவது அளவையில் அந்த ஃபோல்டர் 200 ஜிபியைத் தாண்டியது, பிரதி எடுக்கவே ஒரு மாலை ஆயிற்று. இப்போது தேதிக்கு ஒரு புராஜெக்ட். வேலை முடிந்ததும், கணக்கின் இடையில் உருவாகும் ஆழ வரைபடங்களை நீக்கினால் கணிசமாக இளைக்கும். மெட்டாஷேப் தரும் அறிக்கையை ஒவ்வொரு முறையும் பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்கிறேன். மென்பொருளின் பதிப்பு, அமைப்புகள், தரைப் புள்ளிகளின் பிழை எல்லாம் அதில் இருக்கின்றன. புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காமல் போகலாம் என்பதால் பதிப்பு எண் முக்கியம்.

சிறிய வேலைகளுக்கு வெப்ஓடிஎம் என்ற மற்றொரு வரைபட மென்பொருளையும் பயன்படுத்துகிறேன். அது படங்களைத் தன் கிடங்குக்கே ஏற்றிக்கொள்வதால் பாதை அறும் கவலை இல்லை. ஆனால் மொத்தமாக இறக்கும் ஜிப்பைப் பிரித்தால் எல்லா வேலைக்கும் வரைபடத்தின் பெயர் ஒன்றுதான்; பிரித்த கையோடு பெயர் வைத்துவிட வேண்டும்.

மூலப் படங்கள் இரண்டு ஹார்டு டிஸ்குகளில் இருக்கின்றன. ஒன்று அலுவலகத்தில், மற்றொன்று திண்டுக்கல்லில் அண்ணன் வீட்டு பீரோவில். படங்களின் எண்ணிக்கையும் மொத்த அளவும் இரண்டிலும் ஒத்துப்போன பிறகுதான் கார்டை அழிக்கிறேன்.