விங்கா, அண்டர்ட்ரேயா, இரண்டும் இல்லாமலா? ஃபார்முலா ஸ்டூடண்ட் காருக்கு எது பொருந்தும்

ஃபார்முலா ஸ்டூடண்ட் என்பது பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய சிறு பந்தயக் காரோடு மோதும் போட்டி. அதில் எட்டு வடிவத் தடத்தில் வட்டமடிக்கும் ஸ்கிட்பேடில் ஒரு சுற்றை 5 விநாடியில் முடிக்கும் கார் மணிக்குச் சுமார் 41 கி.மீ. வேகத்தில்தான் ஓடுகிறது. இந்த வேகத்துக்கு, காற்றால் காரைத் தரையோடு அழுத்தும் விங் எதற்கு என்று கேட்பது நியாயம்தான். ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. முன், பின் விங் இரண்டும் சேர்ந்து, டவுன்ஃபோர்ஸ் (காரைக் கீழே அழுத்தும் காற்று விசை) குணகத்தைச் சதுர மீட்டரில் பரப்பால் பெருக்கினால் 3 வருகிறது என்று வையுங்கள். 40 கி.மீ. வேகத்தில் 23 கிலோ அழுத்தம் கிடைக்கும். 60-ல் 51 கிலோ. ஓட்டுநரோடு 280 கிலோ எடையுள்ள காருக்கு இது 18 சதவீதம்.

விங்கின் பலவீனம் அதன் தாங்கிகள். எடை உயரத்தில் நிற்பதால் ஒவ்வொரு குலுக்கலும் போல்ட்டைத் தளர்த்தும். 225 சதுர செ.மீ. பரப்பில் 200 நியூட்டன் அழுத்தினால் 10 மி.மீ.க்கு மேல் வளையக்கூடாது என்பது ஃபார்முலா ஸ்டூடண்ட் ஜெர்மனியின் விதி. பக்கவாட்டில் குறுக்குக் கம்பி கொடுக்காத பின் விங் தேர்வில் தப்பினாலும் ஓட்டத்தில் ஆடும். பின் விங்கை மட்டும் மாட்டினால் முன்பக்கம் பிடிமானம் இழந்து கார் திரும்ப மறுக்கும்.

காரின் அடியில் மாட்டும் தட்டான அண்டர்ட்ரே எடையைத் தாழ்வாக வைக்கிறது, இழுவையும் குறைவு. ஆனால் தரையிலிருந்து உள்ள இடைவெளி மாறினால் அதன் பலனும் மாறும். கார் சாயும்போது ஓரத்தில் காற்று புகுந்துவிடும். மென்மையான ஸ்பிரிங் உள்ள காருக்கு அது வீண். செயின் தளர்வைப் பார்க்க ஒவ்வொரு முறையும் தட்டைக் கழற்ற வேண்டும். கசியும் ஆயில் அதில் தேங்கி எக்ஸாஸ்ட் அருகே தீப்பிடிக்கலாம். வடிகால் துளை கட்டாயம் போடுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான ஆபத்து எஞ்சினுக்குள் இருக்கிறது. இந்தக் கார்கள் பலவற்றில் இருப்பது பைக் எஞ்சின். பைக் வளைவில் சாய்வதால் ஆயில் சம்ப்பின் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) அடியிலேயே நிற்கும். அதே எஞ்சின் காரில் சாயாது. பக்கவாட்டு விசை 1.5 ஜி (எடையைப் போல் ஒன்றரை மடங்கு) வந்தால் ஆயிலின் மேற்பரப்பு 56 டிகிரி சரியும். ஆயிலை இழுக்கும் குழாயான பிக்கப் காற்றை உறிஞ்சும். ஆயில் கிடைக்காமல் கனெக்டிங் ராட் பேரிங் போய்விடும். டவுன்ஃபோர்ஸ் கூடக்கூட இது மோசமாகும். விங் மாட்டிய பிறகு எஞ்சின் போனதென்றால் எங்கள் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

அதனால் போட்டியின் நீண்ட ஓட்டமான 22 கி.மீ. எண்டியூரன்ஸை இன்னும் முடிக்காத அணிக்கு மூன்றாவது வழியே சரி: இரண்டும் வேண்டாம். முடித்துவிட்ட அணி விங்கிலிருந்து தொடங்கட்டும். கோணத்தை மாற்றி முன்பின் சமநிலையைத் திருத்த முடியும், அண்டர்ட்ரேயில் அந்த வசதி குறைவு. எதை மாட்டினாலும் சம்ப்பில் தடுப்புத் தகடு வையுங்கள். ஆயில் பிரஷரை லாகரில் (தரவைப் பதியும் கருவி) பதிவுசெய்யுங்கள். நீண்ட வளைவில் அழுத்தம் விழுந்தால் ஓட்டத்தை நிறுத்தி முதலில் சம்ப்பைக் கழற்றுங்கள்.