யோபு, பிரசங்கி: ஒலிநூல் விமர்சனம்

பைபிளின் யோபு நூல், குற்றமற்ற ஒருவன் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவிக்கும் கதை. அதன் 42 அதிகாரங்களையும் ஒரே குரலில் கேட்க ஆசைப்பட்டு இந்த ஒலிநூலை வாங்கினேன். வாசிப்பவர் அருமையானவர். மூன்றாம் அதிகாரத்தில் யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கும் இடத்தில் அவர் கத்தவே இல்லை. களைத்துப்போன மனிதன் பேசுவதுபோல் வாசிக்கிறார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆறுதல் சொல்ல வந்த நண்பன் எலிப்பாசுக்கு அன்பான குரல் கொடுத்ததும் சரியான முடிவு. குற்றமற்றவனை அதிகம் புண்படுத்துவது அந்த அன்பான புத்திமதிதானே!

பின்னணி இசைதான் பெரிய குறை. நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வயலின் எதற்கு? அங்கே மௌனம் வேண்டும்.

கடைசி அதிகாரத்தை மறுபடி மறுபடி கேட்டேன். இழந்த சொத்து இரட்டிப்பாகத் திரும்புகிறது: 7,000 ஆடுகள் 14,000 ஆகின்றன. பிள்ளைகளோ மீண்டும் பத்தே பேர். இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை. அந்தக் கணக்கை வாசிப்பவர் துளி உற்சாகமும் காட்டாமல் சொல்கிறார். அவருக்கு என் வணக்கம்.

பைபிளின் இன்னொரு நூலான பிரசங்கியின் 12 அதிகாரங்களும் கூடவே உண்டு. வாசிப்பில் கொஞ்சம் அவசரம். பிறவாதவனே பாக்கியவான் என்னும் நான்காம் அதிகாரம் ஓடியே போய்விடுகிறது. ஒலிநூலின் இறுதி உரை கதேயின் நாடகம் ‘ஃபௌஸ்ட்’, யோசப் ரோத்தின் 1930 நாவல் ‘யோபு’ இரண்டையும் தொடுகிறது. பிறந்த நாளை யோபுவைப் போலவே சபித்த எரேமியா தீர்க்கதரிசியை மட்டும் விட்டிருக்கக் கூடாது.

யோபுக்காக வாங்கலாம். இசையில்லாத பதிப்பு வந்தால் அதையும் வாங்குவேன்.