லிட்டில் இந்தியா சைவக் கடை: வாசலில் தடுப்பூசிச் சோதனை

ரசம் அருமை, பொரியல் ஆறிப்போய் வந்தது, சரி போகட்டும். சிங்கப்பூரில் 2021 அக்டோபர் 13 முதல் ஹாக்கர் சென்டர் எனப்படும் பொது உணவங்காடியில்கூட உட்கார்ந்து சாப்பிட கொரோனா தடுப்பூசிச் சான்று கேட்டார்கள், அதை இந்தக் கடை செய்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. வாசலில் நின்ற தம்பி, ஊசி போட்டதைக் காட்டும் டிரேஸ்டுகெதர் செயலியை ஒரு பார்வை பார்த்து உள்ளே விட்டார், போன் இல்லாத ஒரு பெரியவர் அதற்குப் பதில் வைத்திருந்த டோக்கன் கருவியைத் தானே வாங்கி ஸ்கேன் செய்தார், ஊசி போடாத ஒருவரிடம் தணிந்த குரலில் "பார்சல் கட்டித் தரட்டுமாண்ணே?" என்றார். முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இடத்தில் இப்படிக் கேட்டது நியாயம்தான். ஆனால் இதற்கென்றே ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுத்தது சின்னக் கடைக்குச் சுமை (அந்த ஆள் பரிமாற வந்திருந்தால் பொரியல் சூடாக வந்திருக்குமோ என்னவோ). ஐந்துக்கு நாலு.