எஸ்.55 மாடல் கிட்: வாங்கலாமா?

1/72 அளவில், அதாவது அசலில் 72-ல் ஒரு பங்காக வந்திருக்கும் இந்த இத்தாலிய விமான கிட்டைத் தள்ளுபடி வந்ததும் தைரியமாக வாங்கலாம், ஆனால் ஏற்கெனவே நாலைந்து மாடல் ஒட்டிப் பழகியவர்கள் மட்டும்.

விமானமே ஒரு விசித்திரப் பிறவி. அலெஸ்ஸாண்ட்ரோ மார்க்கெட்டி வடிவமைத்து 1924-ல் பறந்த, தண்ணீரில் இறங்கும் சவோயா-மார்க்கெட்டி எஸ்.55-க்கு உடலே இரண்டு படகுகள், அவற்றை இணைக்கும் தடித்த இறக்கை, விமானிகள் உட்காருவதும் அந்த இறக்கைக்குள்ளேதான். தலைக்கு மேலே தாங்குகால்களில் முன்னும் பின்னுமாக இரண்டு இன்ஜின், ஒன்று இழுக்கும், மற்றது தள்ளும். அசலில் 24 மீட்டர் இறக்கை, கிட்டில் 33 செ.மீ. சொச்சம்.

விமானி அறையை அருமையாகச் செய்திருக்கிறார்கள், இரண்டு இருக்கையும் விமானத்தைத் திருப்பும் இரண்டு கைச்சக்கரமும் அவ்வளவு நுணுக்கம், மேல்மூடியை ஒட்டியதும் பாதி மறைந்துவிடும் என்பது வேறு விஷயம். கழுத்தறுப்பது இன்ஜின் தாங்குகால்கள். ஈர்க்குச்சி மாதிரி மெல்லிசு, எனக்கு வந்த பெட்டியில் ஒன்று, பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டும்போதே முறிந்தது, துளைகளும் சரியாகப் பொருந்தவில்லை. விளக்கத்தாள் இன்ஜினை முதலில் ஏற்றச் சொல்கிறது, கேட்காதீர்கள். முதலில் இரண்டு படகையும் இணையாக ஒட்டி, வாலைச் சும்மா வைத்துப் பார்த்து, பசை நன்றாகக் காய்ந்த அப்புறம் இன்ஜினுக்குப் போங்கள், கொஞ்சம் கோணினாலும் வால் உட்காராது.

ஸ்டிக்கர்கள் இதாலோ பால்போவின், ஐ-பால்ப் என்ற பதிவெழுத்து கொண்ட விமானத்துக்கு மட்டும். 1933 ஜூலையில் ஐஸ்லாந்து, லாப்ரடார் வழியாக அட்லாண்டிக்கைத் தாண்டி 24 எஸ்.55-கள் அவர் தலைமையில் கூட்டமாகச் சிகாகோவில் மிச்சிகன் ஏரியில் இறங்கியது பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் பெட்டியில் அவரை வெறும் வீரராகக் காட்டிவிட்டு, முசோலினியின் விமானத்துறை அமைச்சர் என்பதை ஒரு வரிகூடச் சொல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை. 1927-லேயே பிரேசில்காரர் ஜோவா ரிபெய்ரோ டி பாரோஸ் குழுவினர் தென் அட்லாண்டிக்கைக் கடந்த சிவப்பு நிற 'ஜாவூ'வும் எஸ்.55தானே? இன்று உலகில் மிஞ்சியிருக்கும் ஒரே எஸ்.55-ம் அதுதான், அதற்கு ஒரு ஸ்டிக்கர் தாள் சேர்த்திருந்தால் இந்த விலையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்திருப்பேன். இப்போதைக்குத் தள்ளுபடி வரும்வரை பொறுங்கள், ஜாவூ ஸ்டிக்கர் தனியாக எங்காவது கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.