பாளை மார்க்கெட் ஷூ கடை: வளர்கிற பிள்ளையோடு போய் வந்தேன்

போன ஜூனில் என் மகனுக்கு ஷூ சைஸ் 5. இந்தப் பிப்ரவரியில் 7. ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் சுமார் எட்டரை மில்லிமீட்டர். எட்டு மாதத்தில் பாதம் மட்டும் 17 மில்லிமீட்டர் நீண்டுவிட்டது, உயரம் அவ்வளவாகக் கூடவில்லை. அவனுக்கு 13 வயது. பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள் நான், பயப்பட ஒன்றுமில்லை என்று தெரியும். இந்த வயதில் கையும் பாதமும்தான் முதலில் வளரும், அப்புறம் கால் நீளும், உடம்பு கடைசியில். வேகமாக வளரும் வருடத்தில் பையன்கள் 9 செ.மீ. கூட உயர்வார்கள்.

தெரிந்திருந்தும் தீபாவளிக்கு ஏமாந்தேன். வேறொரு கடையில், "வளர்ற பிள்ளைதானே, 8 எடுத்துக்கோங்க, ரெண்டு வருசத்துக்குக் கவலை இல்ல" என்றார்கள். சரி என்று வாங்கி, முன்பக்கம் பஞ்சு அடைத்துக் கொடுத்தேன். பிள்ளை படியில் தடுக்கி விழுந்தான். ஃபுட்பால் ஆடிவிட்டு வந்தால் நொண்டினான். விளையாடச் சோம்பல்பட்டு நடிக்கிறான் என்று அவனிடமே சிலர் சொன்னார்கள், அது எனக்கு இன்னும் ஆறவில்லை. டாக்டர் குதிகாலை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்ததும் சொல்லிவிட்டார். குதிகால் எலும்பில் இன்னும் மூடாத வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு வளர்கிற குருத்தெலும்புப் பகுதி, இருக்கிறது, கெண்டைச் சதையிலிருந்து வரும் நாண் அதைப் பிடித்து இழுக்கிறது. இந்த வலியை 1912-இல் செவர் என்ற மருத்துவர் விவரித்ததால் அவர் பெயரிலேயே சொல்கிறார்கள். வளர்ச்சி முடிந்தால் தானாகப் போய்விடும். அதுவரை ஓய்வு, குதிகாலுக்கு மெத்தென்று இருக்கும் சரியான அளவு ஷூ. அதைத் தேடித்தான் இந்தக் கடைக்கு வந்தேன்.

பாளையங்கோட்டை மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் ஒற்றை ஷட்டர் கடை. அண்ணாச்சிக்கு எழுபது வயது இருக்கும். பழைய ஷூவின் நம்பரை அவர் கேட்கவே இல்லை. மரப்பலகையில் பையனை எழுந்து நிற்கச் சொல்லி இரண்டு காலையும் அளந்தார். இடது கால் கொஞ்சம் பெரிது, அந்தக் காலுக்குத்தான் பார்த்தார். கால் சாயங்காலம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அஞ்சு மணிக்கு மேல்தான் அளப்பாராம். லேஸ் கட்டி, சந்தில் இரண்டு தடவை ஓடிவரச் சொன்னார். நான் குனிந்து விரல் நுனியை அழுத்தப் போனேன். "டீச்சர், தம்பி சொல்லட்டும். அவன் காலுதானே" என்றார். மகன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அகலத்துக்கும் தனியாகப் பார்க்கிறார். இது முக்கியம். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நாடு முழுக்க லட்சம் பேருக்கு மேல் பாதத்தை அளந்தபோது, நம் ஊர்க் கால்கள் ஐரோப்பியர் கால்களைவிட அகலம் என்றுதான் தெரியவந்தது. நீளம் சரியாக இருந்தும் கடிக்கிற ஷூக்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் நாள் மகன் கூட்டாளிகள் இரண்டு பேரோடு போயிருந்தான். ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய அடிப்பாகம் உள்ள ஒன்றை மூன்று பேருமாகச் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். அண்ணாச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. "எடுத்து வைக்கேன் தம்பி, நாளைக்கு அம்மாவோட வந்து ஒருக்கா போட்டுப் பாத்துட்டு வாங்கிக்கோ" என்று அனுப்பிவிட்டார். மறுநாள் அதைப் போட்டு ஓடிப் பார்த்துவிட்டு, குதி வலிக்கிறது என்று அவனே கழற்றி வைத்தான். 2005-இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற உளவியல் ஆய்வாளர்கள் கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடுவதைவிட அதிகமாகத் துணிந்தார்கள், பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. மூளையில் ஆசையைத் தூண்டும் பகுதி இந்த வயதில் முழு வேகத்தில் இருக்கிறது, நிதானிக்க வைக்கும் முன்மூளை முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. இதை நான் வகுப்பில் படம் வரைந்து சொல்வேன். திட்டாமல் ஒரு நாள் தள்ளிப்போட்டால் போதும் என்று எனக்குக் காட்டியது அண்ணாச்சி.

விலை 850 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கடித்தால் மாற்றித் தருகிறார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காலை அளந்து போகச் சொல்லியிருக்கிறார், அதற்குக் காசு இல்லை. மதியம் கடை பூட்டியிருக்கும். வண்டி நிறுத்த இடமில்லை. ஜூன் முதல் வாரம் மட்டும் போகாதீர்கள், அளக்க அவருக்கு நேரம் இருக்காது.

ஒரு குறை உண்டு. பெண்பிள்ளைகளுக்குச் சரக்கு குறைவு. அவர்களுக்குப் பாதம் பையன்களைவிட ஓரிரு வருடம் முந்தி வளர்ந்துவிடும், ஆனால் 4-க்கு மேல் கேட்டால் பையன்கள் மாடலைத்தான் எடுத்துக் காட்டுகிறார். ஆறாம் வகுப்புப் பிள்ளை அதை வாங்கத் தயங்கி நிற்பதைப் பார்த்தேன். அண்ணாச்சியிடம் சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டார். மே கடைசியில் என் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன், அவளுக்கு இப்போதே 3 பத்தவில்லை.