முதல் வாங்கு: வேம்பா, முதிரையா?

வீட்டிலேயே நாலு பேர் இருக்க ஒரு வாங்கு, அதாவது நீள இருக்கை, செய்து பார்ப்போம் என்று இறங்கும் வன்னிக்காரருக்கு முதலில் வரும் குழப்பம் இதுதான். மரம் என்றால் முதிரை என்பார் ஐயா. வளவிலே விழுந்த வேம்பு கிடக்கிறதே என்பார் அம்மா.

செலவு: வேம்பு பெரும்பாலும் வளவுக்குள்ளேயே கிடைக்கும், அரியும் கூலிதான். முதிரை மரக்காலையில் நல்ல விலை. ஏற்றிவர அனுமதிப்பத்திரமும் வேண்டும்.

வேலை: வேம்பு கைவாளுக்கு இணங்கும். முதிரையோ உளியின் கூரைத் தின்றுவிடும். முதலில் துளை போடாமல் ஆணி அடித்தேன். மூன்று ஆணி வளைந்தது, நாலாவதில் பலகை நுனி வெடித்தது. முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் கொடுக்கும், முகத்தை மூடிக்கொண்டு தேயுங்கள்.

உழைப்பு: இரண்டையும் கறையான் லேசில் தொடாது. ஆனால் மழையில் முற்றத்தில் கிடக்க முதிரைதான். வேம்பைப் பச்சையாக அரிந்து உடனே பூட்டினால் முறுகும். பலகைகளுக்கு இடையே சிறு கட்டைகள் வைத்து நிழலில் சில மாதம் அடுக்குங்கள். பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் தோற்பார்கள்.

அழகு: முதிரையின் பொன்மஞ்சள் மினுக்கத்துக்கு வேம்பு ஈடாகாது, சரி.

முதல் வாங்குக்கும் கோழிக்கூட்டுக்கும் வேம்பு. கை பழகி, பலகைகளை இணைக்கும் பூட்டு இறுக்கமாக விழத் தொடங்கிய பிறகு, பரம்பரைக்கும் இருக்கவேண்டிய சாப்பாட்டு மேசைக்கு முதிரை.